முக்கொம்பு போகும்போது ஆடாத ஸ்டியரிங், சமயபுரம் தாண்டியதும் ஆடுவது ஏன்? ஹைவே வேகத்தில் கார் நடுங்கினால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

திருச்சியில் இருந்து முக்கொம்புக்கு கரூர் ரோட்டில் சுமார் 18 கி.மீ. குடமுருட்டி, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் என்று காவிரியை ஒட்டியே போகும் பாதை. வளைவு, எதிரே வரும் பஸ், ஓரத்தில் நிற்கும் டிராக்டர் என எல்லாம் சேர்ந்து 50, 60 கி.மீ வேகத்துக்கு மேல் யாரையும் போக விடாது. அந்த ரோட்டில் எல்லா காரும் நல்ல கார்தான்.

அதே கார் மறுநாள் சென்னை பக்கம் கிளம்புகிறது. நம்பர் 1 டோல்கேட், சமயபுரம் எல்லாம் தாண்டி நான்குவழிச் சாலையில் முள் 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் கிடுகிடுவென்று ஆடத் தொடங்குகிறது. இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினால் ஆட்டம் குறைகிறது. 70-க்கு இறக்கினால் சுத்தமாகக் காணோம்.

ஊருக்குத் திரும்பி மெக்கானிக்கிடம் விட்டால், அவர் தில்லைநகரில் இரண்டு தெரு சுற்றி வந்து "ஒண்ணும் இல்லையே சார், நல்லாத்தானே ஓடுது" என்பார். அவர் சொல்வதும் பொய் இல்லை. 40 கி.மீ வேகத்தில் அந்தக் கோளாறு வெளியே வராது. அப்புறம் "எதுக்கும் அலைன்மென்ட் பண்ணிடலாம்", "புஷ் மாத்திப் பார்க்கலாம்" என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும். பில் ஏறும், நடுக்கம் அப்படியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவைப்படுவது அபூர்வம். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே தெரிகிறது, என்ன செய்யும்போது கூடுகிறது என்ற மூன்றையும் ஓட்டுபவரே கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

20 கிராம் குறைந்தால் 3 கிலோ இழுக்கும்

மாருதி டிசையர், ஸ்விஃப்ட் போன்ற கார்களில் இருக்கும் 185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். கார் 100 கி.மீ வேகத்தில் போகும்போது அந்தச் சக்கரம் ஒரு நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. 60 கி.மீ வேகத்தில் எட்டரை முறைதான்.

டயரும் ரிம்மும் எல்லாப் பக்கமும் ஒரே எடையில் அமைவதில்லை. ஒரு பக்கம் சில கிராம் கூடுதலாக இருக்கும். அதைச் சரிக்கட்டத்தான் ரிம் ஓரத்தில் சின்ன எடைக் கட்டிகளை அடித்தோ ஒட்டியோ வைக்கிறார்கள். அதில் ஒரு 20 கிராம் கட்டி எங்கேயோ பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ வேகத்தில் அந்த 20 கிராம் வித்தியாசம் சக்கரத்தை ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். மேலே, கீழே, முன்னே, பின்னே என நொடிக்கு 14 தடவை. 50 கி.மீ வேகத்தில் அதே விசை முக்கால் கிலோதான். வேகம் இரண்டு மடங்கு ஆனால் விசை நான்கு மடங்கு ஆகும்.

அப்படியானால் 110, 120-ல் இன்னும் மோசமாகத்தானே ஆட வேண்டும்? ஏன் அடங்குகிறது?

கோயில் மணியை நினைத்துப் பாருங்கள். கயிற்றைச் சரியான தாளத்தில் இழுத்தால் லேசான இழுப்புக்கே பெரிதாக ஆடும். தாளம் தப்பி வேகவேகமாக இழுத்தால் எவ்வளவு பலம் போட்டாலும் ஆடாது. காரின் சக்கரம், ஆக்சில், சஸ்பென்ஷன் சேர்ந்த தொகுப்புக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 ஆட்டம். 80-லிருந்து 110 வரை போகும்போது சக்கரம் சுற்றும் வேகமும் அந்தத் தாளமும் ஒன்றாகச் சேர்கின்றன. அந்த இடத்தில்தான் ஸ்டியரிங் ஆடுகிறது. அதைத் தாண்டினால் தாளம் பிரிந்துவிடும், கை உணர்வு குறையும். டயர், பேரிங், ஸ்டியரிங் இணைப்புகள் வாங்கும் அடி மட்டும் கூடிக்கொண்டே போகும். "வேகமாப் போனா சரியாயிடுது" என்று அதை மிதித்து ஓட்டுவது சரியான வைத்தியம் ஆகாது.

கையில் ஆடுதா, சீட்டில் ஆடுதா?

நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரங்கள். ஸ்டியரிங் அமைதியாக இருக்க, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரங்கள். இது நூற்றுக்கு நூறு விதி கிடையாது. ஆனாலும் தேடத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்து, நடுக்கம் எதைப் பின்தொடர்கிறது என்று பார்க்க வேண்டும். காரின் வேகத்தையா, இன்ஜின் சுற்றையா? இதற்கு எளிய சோதனை உண்டு. நேரான, காலியான ரோட்டில் 80-ல் ஐந்தாவது கியரில் போங்கள். பிறகு அதே 80-ல் நான்காவது கியருக்கு மாறுங்கள். சக்கரம் சுற்றும் வேகம் அதேதான், இன்ஜின் சுற்று மட்டும் கூடியிருக்கும். நடுக்கம் மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரம், டயர், பேரிங் பக்கம் பாருங்கள். கியர் மாற்றியதும் நடுக்கம் மாறினால் இன்ஜின் மவுன்ட், கிளட்ச் பக்கம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் மேனுவல் மோடில் இதைச் செய்யலாம்.

சிலர் ஓடும்போதே இன்ஜினை அணைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். பவர் ஸ்டியரிங் உதவி போய்விடும், பிரேக் இறுகும், சாவியை அதிகம் திருப்பிவிட்டால் ஸ்டியரிங்கே லாக் ஆகலாம்.

ரோட்டின் மேலும் பழி இருக்கலாம். திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1976-ல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தில் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்டுகள் தேய்ந்துபோய், சிந்தாமணியில் ஏறி மாம்பழச்சாலையில் இறங்குவதற்குள் கார் எத்தனை முறை "டக் டக்" என்று குதித்தது என்பது ஊருக்கே தெரியும். 2022 கடைசியில் பாலத்தை மூடித்தான் அதைச் சரிசெய்தார்கள். அந்த வகை அதிர்வு எந்தக் காரில் போனாலும் அதே இடத்தில் வரும், பாலம் முடிந்தால் நிற்கும். சென்னை ரோட்டிலும் வருகிறது, மதுரை ரோட்டில் விராலிமலை பக்கமும் அதே வேகத்தில் வருகிறது என்றால் ரோட்டைக் குறை சொல்ல முடியாது.

முக்கொம்புச் சேறும் ஒரு காரணம்

யாரும் சந்தேகப்படாத, காசே செலவாகாத காரணம் இது. ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல் நாட்களில் முக்கொம்பில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. மழை பெய்திருந்தால் ஓரத்து ஈர மண்ணில்தான் இறக்கி நிறுத்த வேண்டும். ஆற்றங்கரை வண்டல் மண் களிமண் மாதிரி பிசுபிசுப்பானது. சக்கரம் சுழலும்போது அது ரிம்மின் உள்பக்கம் போய் அப்பிக்கொள்ளும். இரவில் வீட்டு வாசலில் கார் நிற்கும்போது சேறு கீழ்ப்பக்கம் வழிந்து சேர்ந்து காய்ந்துவிடும்.

வெளியில் இருந்து பார்த்தால் ரிம் பளபளவென்று இருக்கும். உள்ளே 50 கிராம் காய்ந்த மண் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தாலும் 100 கி.மீ வேகத்தில் அது ஏறக்குறைய 7 கிலோ விசை. மேலே சொன்ன 20 கிராம் கட்டி விழுந்ததைவிட இது மோசம். எனவே மண் ரோட்டிலோ ஆற்றங்கரையிலோ போய் வந்த மறுநாள் திடீரென்று நடுக்கம் வந்தால், ஒர்க்‌ஷாப்புக்கு முன்னால் வாட்டர் வாஷுக்குப் போங்கள். ரிம்மின் உள்பக்கம் பிரஷர் தண்ணீர் அடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். சொல்லாவிட்டால் வெளிப்பக்கம் மட்டும்தான் அடிப்பார்கள்.

பல நாள் எடுக்காமல் நின்ற காரிலும் ஆட்டம் வரும். டயர் தரையைத் தொட்ட இடம் தட்டையாகிவிடுவதுதான் காரணம். கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடானதும் பெரும்பாலும் தானாகப் போய்விடும். மாதக்கணக்கில் நின்ற கார் என்றால் போகாமலும் இருக்கலாம்.

அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு

கடைப் பலகைகளில் இரண்டும் சேர்ந்தே எழுதப்பட்டிருப்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைச் சரிசெய்வது. அது தப்பினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஒரு ஓரம் மட்டும் தேயும். பேலன்சிங் என்பது சுழலும் சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது. ஹைவேயில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று போய் அலைன்மென்ட் மட்டும் செய்துகொண்டு வந்தால் நடுக்கம் போகாது. தவறான அலைன்மென்ட்டில் ரொம்ப நாள் ஓடி டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அந்தத் தேய்மானம் நடுக்கத்தைக் கொண்டுவரும். அப்போதும் அலைன்மென்ட் செய்தால் மட்டும் போதாது, டயரைப் பார்க்க வேண்டும்.

நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் என்பது பொதுவாகச் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. ஆயிரக்கணக்கில் போகும் சஸ்பென்ஷன் வேலைக்கு முன்னால் இதைச் செய்து பார்ப்பதுதான் முறை.

"பேலன்சிங் பண்ணியாச்சு, ஆனா இன்னும் ஆடுது"

மெக்கானிக் கடைகளில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். காரணம் பல நேரம் மெஷினிலேயே இருக்கும். சக்கரத்தை மெஷின் தண்டில் கோன் வைத்து நடுவில் பொருத்தி இறுக்குவார்கள். கோன் அழுக்காகவோ, தேய்ந்தோ, அளவு மாறியோ இருந்தால் சக்கரம் நடுவில் உட்காராது. மெஷின் தப்பான நடுவை வைத்துக் கணக்குப் போட்டு "0" காட்டும். காரில் மாட்டினால் கதை வேறு.

இதைப் பிடிக்க வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் 0 வந்த பிறகு, சக்கரத்தை மெஷினில் லூஸ் பண்ணி, தண்டில் அரைச் சுற்று திருப்பி மறுபடி இறுக்கி ஓட்டச் சொல்லுங்கள். திரும்பவும் 0 அல்லது அதன் அருகே வந்தால் வேலை சரி. 15, 20 என்று காட்டினால் முதலில் மாட்டியதே சரியில்லை. கேட்டால் சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கேட்பது உங்கள் உரிமை.

பழைய எடைகளை எடுக்காமல் அதன்மேலேயே புதிதாக ஒட்டிக்கொண்டு போவது இன்னொரு வழக்கம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரே சக்கரத்துக்கு வரிசையாக எடை ஒட்டிக்கொண்டே போகிறார்கள் என்றால் டயரிலோ ரிம்மிலோ கோளாறு இருக்கிறது. டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி மாட்டினால் சில நேரம் பாதி எடை குறைந்துவிடும். புது டயரில் மஞ்சள் புள்ளி ஒன்று இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். காற்று அடிக்கும் வால்வுக்கு நேராக அதை வைத்து மாட்டுவது வழக்கம். பஞ்சருக்கு டயருக்குள் திரவ சீலன்ட் ஊற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும், மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு காட்டும்.

எடை சரியாக இருந்தும் டயர் வட்டமாக இல்லாமல் போகலாம். முட்டையை எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் உருளும்போது குதிக்கத்தான் செய்யும். மெஷினில் சக்கரம் மெதுவாகச் சுழலும்போது, ரிம் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியை அசையாமல் வைத்துப் பார்த்தால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். ரிம் வளைந்திருக்கிறதா, டயர் மட்டும் மேடாக இருக்கிறதா என்று அங்கேயே பிரித்துவிடலாம். பள்ளத்தில் விழுந்த அலாய் ரிம்மில் இது சகஜம்.

வெளியில் வாங்கி மாட்டிய அலாய் வீல் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கம்பெனி ரிம்மின் நடு ஓட்டை காரின் ஹப் மேல் கச்சிதமாக உட்காரும். வெளி ரிம்கள் பல கார்களுக்குப் பொருந்தும்படி ஓட்டையைப் பெரிதாக வைத்து வருகின்றன. இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். அது இல்லாவிட்டால் ரிம் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் ஹைவேயில் ஆடும். மெஷினில் பிடிபடாது. "புது அலாய் போட்டதில் இருந்துதான் இப்படி" என்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ஹப் ரிங் போட்டீங்களா?" என்பதுதான்.

எல்லாம் செய்தும் குழப்பமாக இருந்தால் முன் இரண்டு சக்கரங்களைப் பின்னாலும், பின் இரண்டை முன்னாலும் மாற்றி மாட்டி அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கில் இருந்து சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி அந்த இரண்டு சக்கரங்களில் ஒன்று. இடம் மாறாவிட்டால் சக்கரத்தை விட்டுவிட்டு அதற்கு உள்ளே தேட வேண்டும். முன்னும் பின்னும் டயர் அளவு ஒன்றாக இருந்தால்தான் இதைச் செய்யலாம்.

பிரேக் போட்டால் மட்டும், மிதித்தால் மட்டும்

சும்மா ஓடும்போது அமைதி, 90-ல் இருந்து பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டியரிங் உதறுகிறது, பெடல் காலைத் திரும்பத் தள்ளுகிறது என்றால் அது பிரேக் டிஸ்க். "டிஸ்க் பெண்டு" என்று சொல்வார்கள். பல நேரம் டிஸ்க் வளைந்திருப்பதில்லை, அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். வீல் நட்டை ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் இறுக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். டிஸ்க்கை லேத்தில் கடைந்து சரிசெய்யலாம். ஆனால் அதற்கு ஒரு குறைந்தபட்சத் தடிமன் உண்டு, பொதுவாக டிஸ்க்கிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போனால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் முன்சக்கர இழுவைக் கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயிண்ட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஜாயிண்ட் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே தெரியும். இன்னோவா, பொலேரோ, ஸ்கார்ப்பியோ போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் அது மூன்று, நான்கு சுற்று சுற்றும். அதனால் அதன் அதிர்வு ஆட்டம் மாதிரி இருக்காது, தரை முழுவதும் "கிர்ர்" என்ற ரீங்காரமாகத் தெரியும்.

வேகத்தோடு கூடும் "ஊ...ம்" சத்தம், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால், வீல் பேரிங். காரைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 மணி இடங்களில் பிடித்து அசைத்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும். 9, 3 இடங்களில் பிடித்து அசைத்தால் டை ராடு ஆட்டம் தெரியும். வீட்டு ஜாக்கி மட்டும் வைத்து இதைச் செய்ய வேண்டாம், ஒர்க்‌ஷாப் லிஃப்ட்டில் செய்யச் சொல்லுங்கள்.

டை ராடை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு ஒரு உதாரணம். 2023 ஜூலையில் மாருதி சுசூகி நிறுவனம் எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ கார்களில் 87,599 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஸ்டியரிங் டை ராடின் ஒரு பாகம் உடையக்கூடும், ஸ்டியரிங் கட்டுப்பாட்டை அது பாதிக்கலாம் என்பதுதான் காரணம். உங்கள் கார் எந்த நிறுவனமாக இருந்தாலும் இப்படி ஏதாவது அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். இருந்தால் அந்த வேலைக்குக் காசு இல்லை.

மொபைலே ஒரு கருவி

போனுக்குள் அசைவை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதிர்வின் அலைவரிசையைக் காட்டும் இலவச ஆப்கள் கிடைக்கின்றன. போனை டேஷ்போர்டிலோ சீட்டுக்குக் கீழே தரையிலோ அசையாமல் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் பார்க்கவே கூடாது.

185/65 ஆர்15 அளவு டயருக்கு ஒரு குறுக்குவழிக் கணக்கு: கி.மீ வேகத்தை 7-ஆல் வகுங்கள். வருவதுதான் சக்கரம் ஒரு நொடிக்குச் சுற்றும் எண்ணிக்கை. 80-ல் சுமார் 11, 100-ல் 14. பெரிய எஸ்யூவி டயர் என்றால் ஏழரை அல்லது எட்டால் வகுக்கலாம். ஆப்பில் உயர்ந்து நிற்கும் முனை அந்த எண்ணுக்கு அருகில் இருந்து, வேகத்தோடு சேர்ந்து நகர்ந்தால் சக்கரத்தின் எடையோ வட்டமோ சரியில்லை. அந்த எண்ணின் இரண்டு மடங்கில் முனை வந்தால் டயர் முட்டை வடிவமாகி இருக்கலாம், ஜாயிண்ட் கோளாறாகவும் இருக்கலாம். மூன்று, நான்கு மடங்கில் வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேகத்தையும் குறித்துக் காட்டினால் நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார்.

இந்தச் சோதனைகள் எதற்கும் பலகையில் போட்டிருக்கும் வேக வரம்பைத் தாண்டத் தேவையில்லை. சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகும் நாட்களில் அந்த ரோட்டைச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

இந்த இரண்டும் என்றால் ஓட்டாதீர்கள்

பேலன்சிங் கோளாறோடு வீடு வந்து சேரலாம். இரண்டு விஷயங்களில் அது நடக்காது.

ஒன்று, டயர் உள்ளே பிரிந்துபோவது. டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அடுக்கு ரப்பரில் இருந்து விடுபட்டால் டயர் ஒரு இடத்தில் வீங்கும். அப்போது ஆட்டம் 90 வரை காத்திருக்காது. 20, 30 கி.மீ வேகத்திலேயே கார் நொண்டுவது போல மெதுவாக அசையும், நாளுக்கு நாள் கூடும். கையால் தடவினால் புடைப்பு தெரியும். அது எந்த நேரமும் வெடிக்கலாம். வெயில் நேரம், முழு லோடு, குறைந்த காற்று மூன்றும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

இரண்டு, வீல் நட் தளர்வது. பஞ்சர் ஒட்டியோ, டயர் மாற்றியோ கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே ஆட்டம் தொடங்கி, கூடிக்கொண்டே போய், "டக் டக்" சத்தமும் சேர்ந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மெதுவாக வேகத்தைக் குறைத்து, கொள்ளிடம் பாலம் மாதிரி ஒதுங்க இடமில்லாத இடத்தில் நிற்காமல், அகலமான ஓரமாகப் பார்த்து நிறுத்தி, நட்டை ஸ்பானரால் சோதியுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவி வேண்டுமானால் 1033.

டயரின் வயதையும் அப்போதே பார்த்துவிடலாம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பள்ளங்களுக்கு நடுவே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மேடு வரை தேய்ந்துவிட்டால் சட்டப்படியே மாற்ற வேண்டிய டயர்.

பழைய கார் வாங்குபவர்கள் கவனத்துக்கு

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்களை விற்பவர்கள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஒரு ரவுண்டு அழைத்துப் போவார்கள். பிரேக், கிளட்ச், ஏசி எல்லாம் தெரியும். வளைந்த ரிம், வீங்கிய டயர், விபத்தில் அடிபட்டு நிமிர்த்திய சஸ்பென்ஷன் எதுவும் தெரியாது. நான்குவழிச் சாலையில் 20 நிமிடம், 80-க்கும் 100-க்கும் இடையில் கொஞ்ச நேரம், ஒரு முறை வேகத்தில் இருந்து நிதானமாக பிரேக் என்று ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஹைவேக்கு எடுத்துப் போக விற்பவர் தயங்கினால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சொந்தக் காரைச் சரிசெய்து வாங்கும்போதும் அப்படித்தான். பில் கட்டுவதற்கு முன்னால், புகார் வந்த அதே ரோட்டில், அதே வேகத்தில் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு போய் வாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ ஓடிய பிறகு வீல் நட்டை ஒரு முறை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.